பச்சை அட்டை

போடி
12 ஜூன் 2024

மதினி,

இல்லை, பலகையின் தலைப்பு என்னுடையது அல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

"ரஞ்சனி அசிங்கப் பலகை வச்சிருக்கு, ஊரே பேசுது" என்று நம் புத்தகக் கட்டைக் கொண்டுவருகிற ஜீப்காரர் விஜயபாண்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் பேசுவது உண்மை. உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைக்காதது ஒரு வகையில் நல்லது. போனில் என்றால் நடுவில் அழுதிருப்பேன். புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிற தாளில் அழுதால் மை கலையும். அதனால் அழாமல் எழுதுகிறேன்.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. கிளை நூலகம் ஒவ்வொன்றும் மாதம் பத்துப் புத்தகங்களைப் பரிந்துரைத்துப் பலகையில் வைக்க வேண்டும். சிறுவர்களுக்குத் தனி, பெரியவர்களுக்குத் தனி. யாரோ ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் தட்டச்சு செய்திருக்கிறார்கள்: 'வயது வந்தோருக்கான வாசிப்புப் பரிந்துரை.' நூலகர் திருப்பதி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீதானம்மா எம்.ஏ. படிச்சவ, எழுதித் தொங்க விடு" என்றார். நான் தற்காலிகப் பணியாளர். சுற்றறிக்கையின் சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை. எழுதும்போதே தெரிந்தது. சினிமா போஸ்டரின் மூலையிலிருந்து வழிந்து வந்த சொல்.

மறுநாள் யாரோ சிவப்புப் பேனாவால் 'வயது வந்தோருக்கு' வரைக்கும் விட்டு மற்றதை அடித்து, பக்கத்தில் 'மட்டும்' என்று சேர்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாதவர்கள். பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு மேசைக்கு வந்து என் கழுத்தைப் பார்த்துப் பேசுவார்கள். பேப்பரில் மரண அறிவிப்பு மட்டும் படிக்கிற மொக்கச்சாமி தாத்தா இருக்கிறாரே, அவர் குனிந்து, "படம் போட்டது இருக்கா தாயி?" என்றார். வெற்றிலை வாடை. தாயி என்ற சொல் அந்த வாயில் எப்படி நுழைந்தது என்று யோசித்தேன்.

பெருக்குகிற வேலுத்தாயக்கா மட்டும் சிரித்தார். "ஏத்தா, நான் வயசுக்கு வந்து முப்பது வருசம் ஆச்சு. அப்பப் புட்டும் உளுந்தங்களியுந்தான் குடுத்தாக. புத்தகம் குடுக்கல. இப்பவாச்சும் ஒண்ணு குடு."

பலகையில் என்ன இருந்தது தெரியுமா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை, அதில் ஒரு வரி. தேனீ வளர்ப்பு: கொட்டும் என்று தெரிந்தே நெருங்குவதற்கு. நீரிழிவுக்காரர் சமையல்: பசி குறையாது, பயம் குறையும். பனிக்கடலில் சிக்கிய கப்பலின் கதை: சித்திரை வெயிலில் படிக்க. இப்படி ஒன்பது.

பத்தாவது, நீங்கள் போன மாதம் படித்துத் திருப்பி அனுப்பிய நாவல். அதற்கு மேலட்டை போய், தலைப்புப் பக்கமும் போய், பைண்டிங்கில் பச்சைத் துணி அட்டை போட்டிருக்கிறார்கள். பெயரே இல்லாத புத்தகத்துக்கு என்ன எழுத? 'பச்சை அட்டை போட்ட நாவல்' என்று எழுதினேன். மேலே 'வயது வந்தோருக்கு மட்டும்.' கீழே 'பச்சை.' நான் நிறத்தைச் சொன்னேன். ஊர் தனக்குத் தெரிந்த பச்சையைப் படித்துக்கொண்டது.

அந்த அட்டையில் 'ஒரு வாசகரின் வரி' என்று ஒன்றையும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

நேற்று அண்ணன் வந்தார். என் அண்ணனாக வந்தாரா, உங்கள் வீட்டுக்காரராக வந்தாரா, எஸ்டேட் சூப்பர்வைசராக வந்தாரா தெரியவில்லை. டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தாவது அட்டையைக் குண்டூசியோடு பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரஞ்சனி


எஸ்டேட்
17 ஜூன்

ரஞ்சனி,

நீ நேரில் சொல்வதாக இருந்ததை எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. உன் அண்ணன் பாதிச் சோற்றில் இடது கையால் சட்டைப்பையைத் தடவி அந்த அட்டையை எடுத்தார். "கேளு. ஒன் நாத்தனா எழுதியிருக்கிற லச்சணத்தக் கேளு." வாயில் சோறு இருந்தது. சோற்றோடுதான் படித்தார்.

"எச்சில் தட்டைக் கழுவும்போது வரும் குமட்டல் தட்டினால் வருவதில்லை."

நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வாக்கியம். உனக்கு நான் மே மாதம் எழுதிய கடிதத்தில் இருந்த வாக்கியம். உனக்கு. பலகைக்கு இல்லை.

"தட்டுனால வரலைன்னா பெறகு எதுனால வருதாம்?" என்று என்னைக் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. "கல்யாணமாகாத புள்ளைக்கு எச்சித்தட்டப் பத்தி என்ன தெரியும்? எவனோ சொல்லிக்குடுத்திருக்கான். இவளக் கட்டுறவன் பாவம்" என்றார். பிறகு கையைத் தட்டின்மேல் தூக்கினார். "தண்ணி கொண்டா."

செம்பில் கொண்டுபோய் ஊற்றினேன். எப்போதும் போல அந்தத் தட்டிலேயே கையைக் கழுவினார். வாயைக் கொப்பளித்து அதிலேயே துப்பினார். கருவாட்டு முள் மிதந்தது. நுரை. தட்டை என் பக்கம் நீட்டினார். உன் வரி, என் வரி, ஏதோ ஒரு வரி எழுதின அட்டை பக்கத்திலேயே கிடந்தது. அதன்மேலும் ரெண்டு சொட்டு.

நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதிப் பாதியை விட்டதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா, பாதியை எடுத்ததற்குத் திட்ட வேண்டுமா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். திட்டுவது என்று முடிவு செய்தேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. காலெல்லாம் அட்டை. உப்பு வைத்தால் விழுந்துவிடும். நீ தொங்கவிட்ட அட்டைக்கு எந்த உப்பை வைப்பது?

அந்த நாவலை நீதான் அனுப்பினாய். 'மதினி, இதில் ஒன்றும் நடக்காது, ஆனால் படியுங்கள்' என்று சீட்டு வைத்திருந்தாய். ஸ்டோரில் பச்சை ஏலக்காய் உலர்கிற சூட்டில் உட்கார்ந்து படித்தேன். என் மனசில் இருந்ததற்கு ஒரு சொல் கிடைத்தது. அதை ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். நீ அதை ஊருக்குப் பரிமாறிவிட்டாய்.

இந்தத் தடவைக் கட்டில் வந்த புத்தகங்களைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு அனுப்ப வேண்டாம்.

முத்துப்பிரியா


போடி
19 ஜூன்

மதினி,

'திருடவில்லை' என்று எழுதி அடித்தேன். 'பெயர் போடவில்லையே' என்று எழுதி அதையும் அடித்தேன்.

நடந்தது இது. அந்த நாவலுக்கு நான் முதலில் என் வரியைத்தான் எழுதிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்ட சொற்கள் வந்தன. அகவெளி. மறுப்பு. இருப்பு. எதையும் அந்தப் புத்தகத்தின் மேல் ஒட்ட முடியவில்லை. ஈரச் சுவரில் பசை தடவியது மாதிரி வழுக்கி விழுந்தன. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. இந்த வருடம் நான் படித்ததில் நல்ல வாக்கியம் அதுதான். ஒரு கடிதத்துக்குள் மடிந்து கிடக்க வேண்டிய வாக்கியம் இல்லை. இதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும் உங்களுக்கு. வரட்டும்.

பாதியை விட்டது பயத்தால். மீதிப் பாதியில் அண்ணன் இருந்தார்.

இங்கே எல்லாம் நாறுகிறது. அண்ணன் பிய்ப்பதற்கு முன்பே எவனோ வாசலில் பலகையைப் படம் எடுத்து அனுப்ப, அது நகர்ந்து நகர்ந்து மேலிடத்துக்குப் போய்விட்டது. அதிகாரி ஒருவர் வந்தார். தலைப்பு அவர்கள் அனுப்பியது என்பதால் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வரியைப் பற்றிக் கேட்டார். "இது யாரு எழுதுனது? குடும்பத்தக் கெடுக்கிற மாதிரி இருக்கே." வரி என்னுடையதென்றால் நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகருடையதென்றால் யார் என்று எழுத வேண்டும். ஜூலை முதல் வாரத்துக்குள்.

என்னுடையது என்றே எழுதப் போகிறேன். உங்கள் பெயர் எங்கேயும் வராது. பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. என்னைப் பெண் கேட்டிருந்த சிலமலைக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வினோத்குமார் ஒரு செய்தி அனுப்பினார்: 'நீங்க ரொம்பப் படிச்சவங்க.' அம்மா அழுதாள். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. உடனே, உங்கள் வாக்கியத்தால் எனக்கு இது வாய்த்தது என்று தோன்றியது. கூசியது.

அதிகாரி வருவதற்கு முன்பே பச்சை அட்டை நாவல் இரண்டு கை மாறித் திரும்பி வந்திருந்தது. பக்கங்களில் அடைப்புக்குறிகள். நாவலில் அந்தப் பெண் குளிக்கப் போகிற இடத்தில் ஒரு கோடு. துவைக்கிற இடத்தில் ஒரு கோடு. எவனோ எதையோ தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் 'ஏமாற்று வேலை' என்று எழுதியிருக்கிறான். விரலை நக்கி நக்கிப் புரட்டிய மூலைகள் தடித்துப் போயிருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். துணியை எறிந்துவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்று தேனீ.

ரஞ்சனி


எஸ்டேட்
24 ஜூன்

ரஞ்சனி,

உன்னுடையது என்று எழுதாதே.

என் பெயரையும் எழுதாதே. இரண்டும் கூடாது. எப்படி என்று என்னைக் கேட்காதே, எம்.ஏ. படித்தவள் நீ.

நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் படித்ததும் அந்தத் தட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. பதினொரு வருடமாக நான் கழுவுகிறேன். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டுபிடித்த வரி அது. உனக்கு அது நல்ல வாக்கியம். எனக்குக் குமட்டல். நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிஞ்சும்? தட்டு மிஞ்சும்.

பெயர் போட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். புத்தகக் கட்டு நிற்கும். அது முதலில். உன் அண்ணன் அடிக்கிற ஆள் இல்லை, அது உனக்கும் தெரியும். பேசாமல் இருப்பார். மாதக்கணக்கில் இருப்பார். மழைக்காலத்தில் இந்த லைன் வீட்டில் பேசாத ஒரு ஆளோடு இருந்து பார். தேவாரத்தில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போகலாம் என்றால், யானை வந்து தோட்டத்தை மிதித்த கவலையில் இருக்கிறார்கள், நான் ஒரு தட்டைச் சொல்லிக்கொண்டு போய் நிற்க முடியுமா? "கை கழுவுன தண்ணிக்கா வந்துட்ட?" என்பார்கள். சிரிப்பார்கள். சிரிப்பதற்கும் நியாயம் இருக்கிறது. வெளியே சொன்னால் இது ஒன்றுமே இல்லை. அதுதான் இதில் பெரிய அசிங்கம்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ கோபித்துக்கொண்டாலும். இந்தப் பழக்கத்தை அவர் மலையில் கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டார். நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு, அவர் சாப்பிட்டு முடித்ததும் செம்போடு ஓடி வந்து நின்றது யார் தெரியுமா? பாவாடை கட்டிய நீ. தட்டை வாங்கிக்கொண்டு போனதும் நீ. எனக்கு அன்றைக்கு அது பாசம் மாதிரி இருந்தது. அடுத்த நாள் அத்தை செம்பை என் கையில் கொடுத்தார்.

தேனீப் புத்தகம் படித்தேன். நன்றாக இருக்கிறது. கொட்டினால் முள்ளை விட்டுவிட்டுச் செத்துப்போகுமாம்.

முத்துப்பிரியா


போடி
27 ஜூன்

மதினி,

செம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

அதிகாரி மறுபடி வந்தார். போன தடவை பச்சை அட்டை நாவலை ஆய்வுக்கு என்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். முழுதும் படித்திருக்கிறார். முகத்தில் ஏமாற்றம். "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா. ஒரு பொம்பள சமைக்குது, கழுவுது, சமைக்குது. இதுக்குப் போயி ஏன் இப்பிடி ஒரு வரி?" பிறகு குரலை இறக்கி, "படிச்சதுலருந்து சாப்பாட்டுல ஒக்காந்தா ஒரு மாதிரியா இருக்கு. இந்த மாதிரி எழுத்தெல்லாம் தடுக்கணும்" என்றார்.

ஒரு புத்தகத்துக்கு இதைவிட நல்ல பரிந்துரையை நான் கேட்டதில்லை.

மதியம் ஆகிவிட்டது. திருப்பதி சார் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கி வரச் சொன்னார். வாசிப்பு மேசையிலேயே பேப்பரை விரித்து, நூலகத்தின் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார் அதிகாரி. நான் எதிரே என் விளக்கக் கடிதத்துக்கு வெள்ளைத்தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோர்ச்சோறு வரைக்கும் உறிஞ்சினார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மதினி, தட்டிலேயே கையைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். வெளியே குழாய் இருக்கிறது. பத்தடி கூட இல்லை. தட்டைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே பக்கவாட்டில் நீட்டினார். அங்கே வேலுத்தாயக்காவின் கை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தது.

அக்கா வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் சிந்தாமல், இரண்டு கையாலும். கோயில் பிரசாதம் மாதிரி.

திரும்பி வந்தவரிடம், "எப்பிடிக்கா வாங்குறீங்க?" என்று கேட்டேன். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு" என்றார்.

உங்கள் வரியை நான் படித்தேன், படியெடுத்தேன், அதற்காகச் சண்டை போட்டேன். அதைப் பார்த்தது நேற்றுத்தான். எனக்கு வாய் புளித்துக்கொண்டு வந்தது. பின்னால் போய் வாந்தி எடுத்தேன். திருப்பதி சார் வெயில் என்று நினைத்து எலுமிச்சை வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளைத்தாள் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. என்னுடையது என்று எழுத முடியவில்லை. அது பொய் என்று இப்போது தெரிகிறது. உங்கள் பெயரையும் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை ஐந்தாம் தேதி கடைசி. வெறும் தாளையே கொடுத்துவிட்டு வேலையை விடலாம் என்று இருக்கிறேன். உங்களுக்குக் கட்டு மட்டும் எப்படியாவது வந்துகொண்டிருக்க வேலுத்தாயக்காவிடம் சொல்லி வைக்கிறேன்.

ரஞ்சனி


எஸ்டேட்
3 ஜூலை

ரஞ்சனி,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கோழி. நன்றாகச் சாப்பிட்டார். மறுபடி உன் பேச்சை எடுத்தார். "இன்னும் எழுதிக் குடுக்கலையாம். என்ன திமிரு" என்றார். நான் சொன்னேன், "அது ரஞ்சனி எழுதுனதில்ல. நான் எழுதுனது."

சிரித்தார் ரஞ்சனி. கோபப்படுவார் என்று நினைத்து நான் கதவுப் பக்கமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் சிரித்தார். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, பிரியமாகச் சிரித்தார். "நீயா? பால்காரனுக்குக் கணக்கு எழுதச் சொன்னாலே கோடு கோணும். நாத்தனாவக் காப்பாத்த என்னமா சொல்லுது பாரு." அந்தப் பிரியம்தான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரமாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. என்னால் ஒரு வரி எழுத முடியும் என்பதே அவர் நினைப்பில் இல்லை.

கையைத் தூக்கினார். "தண்ணி கொண்டா."

செம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். ஊற்றவில்லை. "அன்னைக்கு எதுனால வருதுன்னு கேட்டீங்கள்ல" என்றேன். "அட்டையில பாதிதான் இருந்துச்சு. மீதி எனக்கு மட்டுந்தான் தெரியும். எழுதுனவளுக்குத்தான தெரியும்?" சொன்னேன். நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி முழுதும் சொன்னேன்.

எச்சில் தட்டைக் கழுவும்போது வரும் குமட்டல் தட்டினால் வருவதில்லை. அதிலேயே கை கழுவி, வாய் கொப்பளித்து, பார்க்காமல் நீட்டுகிறவரால் வருகிறது.

உன் அண்ணன் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தார். எலும்பு, தோல், குழம்பு. தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் வந்ததை நான் நன்றாக அடையாளம் கண்டுகொண்டேன். கண்ணாடியில் என் முகத்தில் பார்த்திருக்கிறேன். உதடு ஒரு பக்கமாகக் கோணி, மூக்கு சுருங்கி. "ச்சீ" என்றார். தட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆக, அவருக்கும் அருவருப்பு வரும். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.

எழுந்துபோய் வெளியே மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டார். அன்றிலிருந்து எஸ்டேட் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். பேச்சு இல்லை. வீட்டில் ஒரே தட்டுதான் கழுவுகிறேன். சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினால் பொய். அமைதியாக இருக்கிறது என்றாலும் பொய். சுத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை போடிக்கு இறங்குகிறார். அத்தை சோறு போடுவார். செம்பு யார் கொண்டுவருகிறார்கள் என்று பார்.

உன் வெள்ளைத்தாளுக்குப் பதிலாக இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பிஸ்கட் பெட்டியைக் கத்தரித்தது. கோடு கோணித்தான் இருக்கும். பலகையில் வை. இந்தத் தடவை நான் பலகைக்குத்தான் எழுதினேன்.

முத்துப்பிரியா

(அட்டையில்)

பச்சை அட்டை போட்ட நாவல்.
இதில் ஒரு பெண் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், கழுவுகிறாள். வேறு ஒன்றும் நடக்காது. வேறு ஏதாவது இருக்கும் என்று தேடுகிறவர்கள் எடுக்க வேண்டாம்.
எச்சில் தட்டைக் கழுவும்போது வரும் குமட்டல் தட்டினால் வருவதில்லை. அதிலேயே கை கழுவி, வாய் கொப்பளித்து, பார்க்காமல் நீட்டுகிறவரால் வருகிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.
வயது வந்தவர் யார் என்று தலைப்பைப் பற்றி யோசித்தேன். எழுந்துபோய்த் தன் கையைக் கழுவிக்கொள்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அவர்கள் படிக்கலாம்.
முத்துப்பிரியா


போடி
6 ஜூலை

மதினி,

அட்டையை வியாழக்கிழமை மாட்டினேன். சிவப்புப் பேனாவின் 'மட்டும்' என்பதை அழிக்கவில்லை. இப்போது அது பொருத்தமாக இருக்கிறது.

வெள்ளைத்தாளில் இப்படி எழுதி நேற்றுக் கொடுத்தேன்: 'வரி என்னுடையது அல்ல. எழுதியவர் கையொப்பமிட்டிருக்கிறார். பலகையில் காண்க.' என் பணி மாதக் கடைசியோடு முடிகிறது என்றும், நீட்டிக்க மாட்டார்கள் என்றும் திருப்பதி சார் சொன்னார். சொல்லும்போது பலகையைப் பார்க்காமல் நின்றார். ஆனால் கழற்றவில்லை. மதியம் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார். வேலுத்தாயக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மொக்கச்சாமி தாத்தா அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு சோலியா" என்று மரண அறிவிப்புக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து கட்டை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. விஜயபாண்டியிடம் பேச வேண்டும்.

அண்ணன் இன்று வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். நானும் எதிரே தட்டுப் போட்டு உட்கார்ந்தேன். அது வழக்கமில்லை. அம்மா பரிமாறினாள். அண்ணன் என்னைப் பார்க்காமலே, "அவ பேரையும் போட்டு மாட்டிட்டியாக்கும்" என்றார். "நான் போடல. மதினியே போட்டாங்க" என்றேன். ரசம், மோர். முடித்தார். பழக்கத்தில் கை தட்டின்மேல் போய்விட்டது.

"பாப்பா, தண்ணி."

என் கால் எழப் பார்த்தது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அது தானாகவே எழப் பார்த்தது. உட்கார்ந்தே இருந்தேன். "தொட்டி பின்னாடி இருக்குண்ணே."

அம்மா செம்பை எடுத்தாள். அண்ணன் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செம்பை அண்ணாந்து தானே குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். தாகம்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் கை தட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கை கழுவினேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ரஞ்சனி